கண்மாய் எழுந்து நின்ற ஒன்பது நாள்

மாசி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை விடிந்தபோது எங்கள் தாழிகுளத்துக் கண்மாய் தரையை விட்டு ஏழடி மேலே எழுந்து நின்றது. அதை முதலில் பார்த்தது தான்தான் என்று ஊரில் பத்துப் பேர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் எழுந்து டீக்கடை திறக்கிறவன் நான் ஒருவன்தான். கிளாஸ் கழுவத் தண்ணீர் மொள்ளக் குடத்தோடு கரையிறங்கினேன், காலுக்குத் தண்ணீர் தட்டுப்படவில்லை, இன்னும் நாலெட்டு வைத்தேன், வெறும் சேறு, அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு கெண்டை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தன் பாட்டுக்குப் போகிறது. கையை உயர்த்தி ஒரு விரலை நுழைத்தேன், விரலைச் சுற்றித் தண்ணீர் இறங்கிக் குடம் நிறைந்தது, எடுத்ததும் ஓட்டை மூடிக்கொண்டது. இனிமேல் குனிந்து மொள்ள வேண்டியதில்லை, இடுப்புவலிக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதே வியாழக்கிழமைதான் கண்மாயில் விஷம் கலப்பதாக இருந்தது. ஐப்பசியிலிருந்து எங்கள் ஊரில் பதினோரு மாடுகள் செத்திருந்தன. முதலில் பால் வற்றும், பிறகு தின்ன தீனி உடம்பில் ஒட்டாது, பிறகு தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துப் பை மாதிரி தொங்கும், கடைசியில் எலும்பும் தோலுமாகப் படுத்துவிடும். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மெஹராஜ் வந்து, செத்த மாட்டின் ஈரலை அறுத்து, இலை போலத் தட்டையாக இருந்த புழுக்களை எடுத்துக் காட்டினார். இந்தப் புழுவின் குஞ்சு கண்மாயில் ஒரு நத்தைக்குள் வளர்கிறது, அதிலிருந்து வெளியே வந்து கரையோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் தண்ணீரிலும் மிதக்கிறது, மாடு புல்லோடும் தண்ணீரோடும் அதையும் விழுங்குகிறது, மருந்து கொடுத்துப் புழுவைக் கொன்றாலும் அதே புல்லைத் தின்றால் மறுபடி வரும் என்றார். எல்லா நத்தையும் அல்ல, ஒரே ஒரு இனம்தான் என்றும் சொன்னார். பதினோரு மாட்டைப் புதைத்த ஊருக்கு இனம் பார்க்கப் பொறுமை ஏது? பஞ்சாயத்துத் தலைவர் சொர்ணலிங்கம் கூட்டம் போட்டார், கண்மாயில் நத்தை என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று, முப்பது மூட்டை மயில்துத்தம் வந்து பஞ்சாயத்து ஆபீசில் அடுக்கப்பட்டது. அதைக் கொட்டினால் நத்தையோடு கெண்டையும் விராலும் தவளையும் சேர்ந்துதான் சாகும் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் கை தூக்கினோம்.

கை தூக்காதவள் பூமயில் ஒருத்திதான். கீழத்தெருக்காரி, நாற்பது வயது, புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளும் செவலை என்று ஒரு பசுவும். கீழத்தெரு நத்தை தின்கிற தெரு. கண்மாயில் தண்ணீர் இருக்கிற ஏழு மாதமும் பூமயிலின் சட்டியில் பெரிய நத்தையோ சின்ன மீனோ ஏதாவது ஒன்று கொதிக்கும். அவள் எழுந்து, "அது எங்க அடுப்பு, தலைவரே. அடுப்புல விசத்தக் கொட்டிட்டு நாங்க எங்க போயி ஒல வைக்கிறது?" என்று கேட்டாள். நத்தை தின்கிறவளுக்கு நத்தை மேல் பாசம் வராமல் யார் மேல் வரும் என்று மேலத்தெருவில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும் மேலத்தெருக்காரன், நானும் சிரித்தேன், அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய செவலைக்கும் அப்போதே தாடை வீங்க ஆரம்பித்திருந்தது.

கண்மாய் எழுந்து நின்ற முதல் நாள் காலையில் ஊர் கொஞ்சம் தடுமாறியது, மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு அதிகாரி அளவுகோலோடு வந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, நீர்மட்டம் தரையிலிருந்து ஏழடி, கொள்ளளவில் மாற்றமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு என் கடையில் வடை தின்றுவிட்டுப் போனார். பெண்கள் துணிகளைக் கொண்டு போய்க் கண்மாய்க்குக் கீழே போட்டுக்கொண்டு, விரலால் ஒரு குத்துக் குத்தி ஒழுகவிட்டு அலசினார்கள். கரையில் வெயில் கொளுத்தும்போது கிழடுகட்டைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அடியில் விரித்துப் படுத்தார்கள், பச்சை வெளிச்சத்தில் அவர்கள் முகமெல்லாம் வாழையிலை நிறத்தில் இருந்தது. தூண்டில்காரர்கள் மீன் பிடிக்க அண்ணாந்து கழுத்து சுளுக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து வரிசையாகப் படுக்க வைத்து மீன்களை எண்ணச் சொல்லிக் கணக்குப் பாடத்தை முடித்தார். ஏன் எழுந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும் ஊர் ஒரே பதிலைத்தான் சொன்னது: கொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தால் படுத்துக்கிடக்கிற மாடுகூட எழுந்து நிற்காதா?

தலைவர் சொர்ணலிங்கத்துக்குத்தான் இக்கட்டு. கரைமேல் நின்று மூட்டையை அவிழ்த்துக் கொட்ட முடியாததில்லை, ஆனால் எழுந்து நிற்கிற ஒன்றின் முகத்துக்கு நேரே விஷத்தைக் கொட்ட எந்த ஆளும் கூலிக்கு வரவில்லை. மறுநாள் டாக்டர் மெஹராஜ் ஸ்கூட்டியை ஓரம் நிறுத்திவிட்டு வந்தார். அண்ணாந்து பார்த்தார். தண்ணீரின் அடிப்பக்கமெல்லாம் நத்தைகள், கூரையில் ஒட்டிய பல்லிகள் போல, லட்சக்கணக்கில், சதைப்பாதம் நம்மைப் பார்க்க ஊர்ந்துகொண்டிருந்தன.

"நல்லதாப் போச்சு தலைவரே," என்றார் டாக்டர். "தண்ணிக்குள்ள கெடக்கிற நத்தையில அந்த ஒண்ண எப்படித் தேடுறதுன்னு கேட்டீங்களே, இப்ப கைக்கு எட்டுற உயரத்துல நிக்குது. அதை மட்டும் பொறுக்கி எடுத்துட்டா விஷமே வேணாம்."

"எடுக்க முடியுமாம்மா?"

"ஊரு சேர்ந்தா முடியும். மாட்டுக்கு மருந்து நான் தர்றேன். கரையோரப் புல்லை அறுத்து எரிச்சிடுங்க. நத்தையை நீங்க எடுங்க."

தலைவர் அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற வரை தவணை கொடுத்தார். அதற்குள் கண்மாய் சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் தானே மூட்டையைத் தூக்கிக் கொட்டுவதாகச் சொன்னார். டாக்டர் கையை நீட்டி விரல்நகம் அளவில் ஒரு நத்தையைப் பறித்தார். மெல்லிய ஓடு, பழுப்பு நிறம், ஒரு முனை கூர். கூர்முனை மேலே இருக்கப் பிடித்து, வாய் தன்னைப் பார்க்கும்படி வைத்து, வாய் வலப்பக்கம் இருந்தால் இதுதான் ஆள், இதே போலவே இருக்கும் இன்னொன்றுக்கு வாய் இடப்பக்கம் இருக்கும், அது அப்பாவி, அதை விட்டுவிடுங்கள் என்று விளக்கினார். சந்தேகமிருந்தால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி நத்தையைப் போட்டு வெயிலில் வையுங்கள், கெட்டதாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீரில் தூசி நீந்தும் என்றும் சொன்னார். எல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் நத்தையைத் தூக்கிப் பிடித்த அந்த நேரம் பார்த்து, ஆளுயர விரால் ஒன்று குஞ்சுகள் சூழத் தலைக்கு மேலே போயிற்று, ஓரமாக நின்ற பூமயிலைத் தவிர நாங்கள் மொத்தப் பேரும் விராலைப் பார்த்தோம். எங்கள் காதில் விழுந்தது வலப்பக்கம் என்ற ஒரு சொல்தான். டாக்டருக்கு நாற்பது ஊர் இருக்கிறது, மருந்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வலம், இடம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் கேட்க வேண்டிய ஆள் ஞானியாப் பண்டாரம். சிவன் கோயிலில் மூன்று காலமும் சங்கு ஊதுகிறவர், எழுபது வருசத்துச் சங்கு அவர் கையில். வலம்புரி வீட்டிலிருந்தால் லட்சுமி, அதைப் போய்க் கொல்லச் சொல்கிறாளே டாக்டரம்மா என்று முதலில் வருத்தப்பட்டார், பிறகு இது நத்தைதானே, சங்குக்குத் தம்பி மகன்கூட இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கண்மாய்க்கு அடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் மொத்தமும் வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் ஓலைக்கொட்டானில் நத்தையைப் பறித்துக்கொண்டு வந்து நீட்ட, அவர் சங்கைப் பிடிப்பது போலவே, கூர்முனை தன் வாயைப் பார்க்க, நத்தையின் வாய் வானத்தைப் பார்க்கப் பிடித்து, "வலம்" என்றால் சுண்ணாம்புக் குழிக்கும் "இடம்" என்றால் மறுபடி தண்ணீருக்கும் அனுப்பினார். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள் இடைவிடாமல் நடந்தது. ஒரு பக்கம் கரையோரப் புல்லை அறுத்து எரித்தோம், குழி நிரம்பியது, இன்னொரு குழி வெட்டினோம், அதுவும் நிரம்பியது, தலைவர் பண்டாரத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், ஊருக்கே பெருமை பிடிபடவில்லை.

பூமயிலும் வரிசையில் நின்று பறித்தாள். ஆனால் அவளுடைய கைக்கு ஏதோ உறுத்தியது. நத்தையைச் சமைக்கிறவர்கள் அதைச் சங்கு போலப் பிடிப்பதில்லை. கூர்முனையை மேலே வைத்துப் பிடித்து, அரிவாள்மனையின் முதுகால் அந்த முனையில் ஒரு தட்டுத் தட்டி, வாய் வழியாகச் சதையை உருவுவார்கள். பிறந்ததிலிருந்து லட்சம் நத்தையை அப்படிப் பிடித்த கை அது. அந்தக் கைக்கு, பண்டாரம் வலம் என்பதெல்லாம் இடமாகவும் இடம் என்பதெல்லாம் வலமாகவும் தெரிந்தது. சாமி காரியம் செய்கிறவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமா என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் செவலை தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்காமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அவள் நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, கண்ணாடி கிளாசு அம்புட்டையும் நாளைக்கு ஒருநா எனக்குத் தாங்க."

"கடைய மூடச் சொல்றியா?"

"எவர்சில்வர்ல ஊத்துங்க. சுடு தண்ணியில போட்டுக் கழுவித் தந்துர்றேன்."

எதற்கென்று கேட்டேன், சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது, அங்கே அவ்வளவு பயம் இருந்தது. தன் எண்ணம் தப்பென்றால் ஊர் சிரிக்கும், சரியென்றாலோ மூன்று நாளாக ஊரே செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும், இரண்டில் எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கரைமேல் நாற்பது கிளாஸ் வரிசையாக நின்றது. இருபதில் பண்டாரம் வலம் என்ற நத்தைகள், இருபதில் இடம் என்று விட்டுவிட்ட நத்தைகள். வெயில் ஏற ஏற ஊர் கூடியது. பண்டாரமும் வந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. பத்து மணிக்கு முதல் இருபது கிளாஸிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மற்ற இருபதில், ஒன்றில் தொடங்கி, மூன்றாகி, ஏழாகி, வெள்ளைத் தூசி எழுந்து வாலை ஆட்டி ஆட்டி நீந்தியது. கிளாஸுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பூமயில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். மூன்று நாளாக நாங்கள் கொன்றதெல்லாம் அப்பாவி, பத்திரமாகத் தண்ணீரில் விட்டதெல்லாம் எமன்.

"எழுவது வருசமா வலம் எது இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று பண்டாரம் கத்தினார்.

பூமயில் கறுப்புத் துணியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வந்தாள். "தெரியும் சாமி. உங்க கையில தப்பு இல்ல. சங்கச் சங்கு மாதிரி புடிக்கிறிய, அது சரி. நத்தைய நத்தை மாதிரி புடிக்கணும்ல? டாக்டரம்மா புடிச்சது அடுப்படிக்காரி புடிக்கிற புடி."

ஒரு நத்தையை எடுத்துக் கூர்முனையை மேலே வைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார். அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. மறுபடி திருப்பினார், மறுபடி மாறியது. சின்னப் பிள்ளை மாதிரி அந்த மனுசன் எட்டுப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு, "அட ஈஸ்வரா, ஊரையே கவுத்துப்புட்டேனே," என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்ததுதான் பெரிய விஷயம். எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூமயிலுக்கு முன்னால் போட்டார். "நீ உக்காரு தாயி. நான் பறிச்சுட்டு வாரேன்."

டாக்டர் மெஹராஜும் அன்று மாலையே ஓடிவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "பூமயிலக்கா சொல்றதுதான் சரி," என்றார். பூமயில் முக்காலியில் உட்காரவில்லை, அது பாட்டுக்குக் கிடந்தது. ஊர் மொத்தத்தையும் கண்மாய்க்குக் கீழே நிறுத்தி, ஆளுக்கொரு நத்தையைக் கையில் கொடுத்து, முனை மேலே, வாய் மூஞ்சியப் பாத்து, வலத்த எடு, இடத்த விடு என்று அவள் சொல்ல, தலைவரிலிருந்து தவழ்கிற பிள்ளையின் ஆத்தா வரை அதைத் திருப்பிச் சொன்னோம். புதனும் வியாழனும் அந்த ஒரு பாட்டுத்தான் ஊருக்குள் கேட்டது. முனை மேலே என்று கிழக்கு மடையில் ஒருத்தி சொல்ல, வாய் மூஞ்சியப் பாத்து என்று மேற்குக் கலுங்கில் ஒருத்தன் சொல்ல, முழங்கை வரை நனைந்து, தோள்பட்டை கழன்று, கழுத்து மரத்து, மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றின் கொட்டானில் ஒன்று கை போட்டுப் பறித்தது. நத்தையைத் தொட்டால் தீட்டு என்று எட்ட நின்ற பெண்களெல்லாம் பூமயிலிடம் தங்கள் கையை நீட்டி, சரியாப் புடிச்சிருக்கேனா பாரு என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொரு கையையும் தொட்டுத் திருத்தினாள். எனக்குத் தெரிந்து தாழிகுளத்தில் கீழத்தெருக் கை மேலத்தெருக் கையைப் பிடித்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் கண்மாயின் எட்டுத் திசையிலும் மிஞ்சிக்கிடந்த நத்தைகளில் நூறைப் பறித்து வரச் சொல்லி, கூர்முனையைப் பார்த்து, வாயைப் பார்த்து, என் கடை கிளாஸிலும் பக்கத்து ஊர்க் கடை கிளாஸிலும் போட்டு வெயிலில் வைத்தார். மத்தியானம் வரை பார்த்தோம். நூறு கிளாஸிலும் தண்ணீர் பளிங்காக இருந்தது. "ஜெயிச்சிட்டோம்," என்றார் டாக்டர், அந்தப் பெண்ணும் அழுதது. வேட்டு வெடித்தார்கள், குலவை போட்டார்கள், தலைவர் தன் துண்டைச் சுழற்றி எறிந்ததில் அது மேலே கண்மாயில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கண்மாய் இறங்கவில்லை.

குலவை அடங்கியது. வெயில் சாய ஆரம்பித்தது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பண்டாரம் நெஞ்சு வலிக்கச் சங்கு ஊதினார், ஒரு அங்குலம் அசையவில்லை. இப்படியே நின்றுவிட்டால் மடைக்குத் தண்ணீர் எப்படி வரும், நெல் கதிர் வாங்குகிற நேரமாயிற்றே என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பூமயிலைப் பார்த்தார்.

"இன்னும் என்னத்த ஆத்தா கேக்குது இது?"

பூமயில் கண்மாயைப் பார்க்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸைப் பார்த்தாள். "கத்தியத் தீட்டிப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆட்ட வா வான்னா வருமா தலைவரே? முப்பது மூட்டையும் அங்கனயேதான இருக்கு."

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ஜெயித்தாலும் ஒரு கைக்காவலுக்கு இருக்கட்டும் என்று எல்லார் மனதிலும் ஒரு மூலை இருந்திருக்கிறது, என் மனதிலும் இருந்தது. தலைவர் சட்டையைக் கழற்றிப்போட்டு முதல் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முப்பதையும் லாரியில் ஏற்றினோம். லாரி ஊர்த்தெருவைத் தாண்டி, ஐயனார் கோயிலைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டிப் புழுதிக்குள் மறைந்த நேரத்தில், தூங்குகிற பிள்ளையைத் தாய் பாயில் இறக்குவது போல, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒரு மீன் புரளாமல், கண்மாய் தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தது. அலை ஒன்று மட்டும் கரை வரை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

மாடுகளெல்லாம் ஒன்பது நாள் தொட்டித் தண்ணீர் குடித்து நாக்குச் செத்துக்கிடந்தன. தாழிகுளத்தில் மேலத்தெரு மாடு குடித்துக் கரையேறாமல் கீழத்தெரு மாடு தண்ணீரில் வாய் வைத்ததில்லை, அது யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் மீறியதும் கிடையாது. அன்றைக்கு ஊர் மொத்தமும் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதே தவிர, யாரும் கயிற்றை விடவில்லை. நூறு கிளாஸைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தத் தண்ணீரில் சொந்த மாட்டின் வாயை முதலில் வைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செவலையை ஓட்டிவந்தாள். டாக்டர் கொடுத்த மருந்தில் அதன் தாடை வீக்கம் பாதி வற்றியிருந்தது. "குடி தாயி," என்றாள். செவலை மோந்து பார்த்தது, முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் வைத்தது, கழுத்து நரம்பு ஏறி இறங்க இழுத்து இழுத்துக் குடித்தது. அது வயிறு நிறையக் குடித்துத் தலையை நிமிர்த்துகிற வரைக்கும், என்னுடையதும் தலைவருடையதும் சேர்த்து மேலத்தெரு மாடுகள் அத்தனையும் கரைமேல் வரிசையில் காத்து நின்றன.